ஒரே தேதி, ஒரே வயது

எங்கள் நூலக வாசலில் உள்ள கரும்பலகையில் ‘வரலாற்றில் இன்று’ எழுதிப் போடுவது என் பொறுப்பு. செப்டம்பர் 23 வந்தால் முதலில் எழுதும் பெயர் நடிகர் பி.யு.சின்னப்பா. அந்த ‘பி’ புதுக்கோட்டை என்று இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே சொல்ல வேண்டியிருக்கிறது. அது எனக்குத் தாங்கவில்லை.

1916 மே 5இல் பிறந்தார். அப்பா உலகநாத பிள்ளை நாடக நடிகர். சிறுவயதிலேயே மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தார்; எம்.ஜி.ஆரும் அங்கே வளர்ந்தவர்தான். 1940இல் ‘உத்தமபுத்திரன்’, தமிழ்ப் படத்தில் முதல் இரட்டை வேடம். 1942இல் கண்ணாம்பாவின் கண்ணகிக்கு இவர் கோவலன். பாட்டும் சொந்தக் குரல், கத்திச் சண்டையும் சொந்தக் கை. தியாகராஜ பாகவதரா, சின்னப்பாவா என்று ரசிகர்கள் இரண்டு கட்சியாக நின்ற காலம் அது. சம்பாதித்ததையெல்லாம் இங்கே வீடுகளாக வாங்கிக் குவித்தார். இனி இவருக்கு யாரும் வீடு விற்கக் கூடாது என்று புதுக்கோட்டை மகாராஜாவே தடுத்ததாக ஊரில் இன்றும் சொல்வார்கள்.

1951இல் இதே தேதியில் போய்விட்டார். வயது 35. ‘சுதர்சன்’ அவர் இறந்த பிறகுதான் திரைக்கு வந்தது.

1996இல் அதே செப்டம்பர் 23, அதே 35 வயது: சில்க் ஸ்மிதா. ஏலூர் அருகே பிறந்த விஜயலட்சுமிக்கு ‘வண்டிச்சக்கரம்’ படத்தின் பாத்திரம் ‘சில்க்’ என்ற பெயரைத் தந்தது. வருஷா வருஷம் பத்திரிகைகள் அவர் இறந்த விதத்தையே கிளறுகின்றன. பலகையில் நான் அதை எழுதுவதில்லை. ‘அலைகள் ஓய்வதில்லை’ படத்தின் பெயரை எழுதுகிறேன். அதில் அவர் வெறும் கவர்ச்சிக்கு வந்தவர் இல்லை, நடிகை.

கீழே இன்னும் இரண்டு வரி: 1908இல் இந்திக் கவிஞர் தினகர் பிறந்தார், 1973இல் சிலியில் பாப்லோ நெருதா மறைந்தார்.

சின்னப்பாவைப் பார்த்திராதவர்கள் ‘ஜகதலப்பிரதாபன்’ (1944) படத்தில் தொடங்கலாம். அதில் ஒரு கச்சேரி. பாடுகிறவர் சின்னப்பா, மிருதங்கம் சின்னப்பா, கொன்னக்கோலும் சின்னப்பா. கம்ப்யூட்டர் கிடையாது, ஒவ்வொருவராகத் தனித்தனியே நடித்துத் தாளம் பிசகாமல் சேர்த்திருக்கிறார்கள். பக்கவாத்தியக்காரர் பாடகரை நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டுகிறார் பாருங்கள், அந்த இடத்தை நிறுத்திப் பாருங்கள். எதிரில் யாருமே இல்லாமல் ஆட்டிய தலை அது.