நின்ற லாரியில் ஓடும் எஞ்சின்: நியூயார்க் நகரச் சட்டமும் நமது சரக்குக் கூலியும்

சரக்கு வந்து இறங்கும் நேரத்தில் கடை வாசலில் லாரி நிற்கிறது. டிரைவர் பில்லை எடுத்துக்கொண்டு உள்ளே வருகிறார். எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. இதை நாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் இது அபராதத்துக்குரிய குற்றம்.

அந்நகர விதிப்படி, நிற்கும் வண்டியின் எஞ்சின் 3 நிமிடத்துக்கு மேல் ஓடக்கூடாது. பள்ளிக்கூடத்தை ஒட்டிய இடமானால் 1 நிமிடம்தான். சரக்கு ஏற்றி இறக்கும் கருவியை அந்த எஞ்சினே இயக்குமானால் விலக்கு உண்டு. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி போன்றவற்றுக்கும் விலக்கு உண்டு. டிரைவருக்குக் குளிர்சாதன வசதி வேண்டும் என்பது காரணமாகாது. அபராதம் 350 டாலரில் தொடங்குகிறது.

விதி பல்லாண்டு பழையது. ஆனால் ஒவ்வொரு தெருவிலும் நின்று கண்காணிக்கப் போதிய ஆள் ஏது? எனவே 2018-ல் நகரசபை ஒரு புது வழி கண்டது. லாரி, பஸ் ஆகியவை விதியை மீறி நிற்பதை 3 நிமிடத்துக்கு மேல் வீடியோ எடுத்துப் புகார் செய்யும் பொதுமக்களுக்கு, வசூலாகும் அபராதத்தில் 25 சதவீதம் தரப்படும் என்று சட்டமியற்றியது. அதன்பின் புகார்கள் குவிந்தன. சரக்கு வண்டி வைத்திருக்கும் நிறுவனங்கள் டிரைவர்களுக்குக் கண்டிப்பான உத்தரவு போட வேண்டியதாயிற்று.

கலிபோர்னியா மாநிலத்தில் 10,000 பவுண்டுக்கு (சுமார் 4,500 கிலோ) மேற்பட்ட டீசல் வண்டிகளுக்கு 5 நிமிட வரம்பு உண்டு. ஹாங்காங்கில் 2011 டிசம்பர் முதல், எந்த 60 நிமிடத்திலும் மொத்தம் 3 நிமிடமே அனுமதி.

இத்தனை கண்டிப்பு ஏன்? முதற்காரணம் உடல்நலம். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ல் உறுதியாக வகைப்படுத்தியது. கடை வாசலில் நிற்கும் லாரியின் புகையை முதலில் சுவாசிப்பவர் யார்? கல்லாவில் அமர்ந்திருப்பவரும், மூட்டை இறக்கும் தொழிலாளியும்தான்.

இரண்டாவது காரணம் காசு. தொலைதூரம் ஓடும் பெரிய லாரி, நின்ற இடத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 3 லிட்டர் டீசல் செலவாகும். மண்டியில் தினம் 5 லாரிகள் அரை மணி நேரம் வீதம் இப்படி நின்றால் நாளொன்றுக்கு ஏழரை லிட்டர். 25 நாளில் 187.5 லிட்டர். இது லாரி உரிமையாளரின் நஷ்டம் என்று நினைக்க வேண்டாம். வாடகையில் ஏறி, சரக்கின் அடக்க விலையில் சேர்ந்து, கடைசியில் நம் லாபத்தைத்தான் குறைக்கும்.

அடிக்கடி நிறுத்தி ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் கெடும் என்பது பழைய எண்ணம். இன்றைய டீசல் எஞ்சின் சூடேற 3 முதல் 5 நிமிடமே போதும்.

வணிகர்கள் செய்யக்கூடியவை எளியவை. லாரி வரும் நேரத்தை முன்கூட்டியே பேசி வையுங்கள். இறக்கும் ஆட்களையும், எடைத் தராசையும், பில்லையும் தயாராக வைத்திருங்கள். "எஞ்சினை நிறுத்தவும்" என்று வாசலில் ஒரு பலகை மாட்டுங்கள். சட்டம் வந்து சொல்லும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. சாவியைத் திருப்பினால் போதும்.