கட்சியில்லாமல் ஒரு வேட்பாளர்

பிறம்ரனில் எமது தொழிற்சாலையில், இரவு வேலையின் தேநீர் நேரத்தில் ஒருவர் கேட்டார்: "அண்ணை, ஒன்ராறியோ சட்டசபைக்குக் கட்சி இல்லாமல் நிக்கேலாதோ?"

நிற்கலாம். 18 வயது நிரம்பிய கனடியக் குடிமகனாக, ஆறு மாதமாவது இம்மாகாணத்தில் வசித்தவராக இருக்கவேண்டும். தொகுதி வாக்காளர் 25 பேரின் கையெழுத்தும் வேண்டும்.

வெல்வதுதான் பெரும்பாடு. ஈரி ஏரிக்கரையிலுள்ள ஹால்டிமண்ட்-நோர்போக் தொகுதியில் 2022இல் பொபி ஆன் பிரேடி என்ற பெண்மணி சுயேச்சையாக வென்றார், 2025இலும் வென்றார். அத்தொகுதி உறுப்பினர் ரோபி பரட்டின் அலுவலகத்தில் 20 வருடங்களுக்கு மேல் வேலைசெய்தவர். ஊர்ச்சனம் அறிந்த முகம். பரட் விலகியபோது, தொகுதி அங்கத்தவர்களிடம் வாக்குக் கேளாமலே கட்சி வேறொருவரை நியமித்தது. பிரேடி தனித்து நின்றார். பரட்டும் அவரையே ஆதரித்தார்.

எம்மவரான லோகன் கணபதி 2006இல் மார்க்கம் நகரசபைக்குத் தெரிவானார். நகரசபை வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் கிடையாது. ஆனால் 2018இல் சட்டசபைக்குக் கட்சி வேட்பாளராகவே போனார்.

கேட்டவர் உற்சாகமாகப் பேப்பரை எடுத்துப் பெயர்களை எழுதத் தொடங்கினார். மேசையிலிருந்த பதினொரு பேரில் குடியுரிமை எடுத்தவர்கள் நாலுபேர். மற்றவர்களின் கையெழுத்துச் செல்லாது, வாக்கும் இல்லை. கேட்டவரும் அந்த மற்றவர்களில் ஒருவர்தான். நிரப்பிய குடியுரிமை விண்ணப்பம் வீட்டு லாச்சிக்குள் கிடக்கிறதாம்.