கரி பிடித்துத் தரும் உரம்

வடகிழக்குப் பருவமழை வலுத்து அடையாற்றில் வெள்ளம் புரளும்போதெல்லாம் பட்டினப்பாக்கம் கடற்கரையில் ஆகாயத்தாமரை குவியல் குவியலாக ஒதுங்குகிறது. ஆதனூர்ப் பக்கம் தொடங்கிச் சுமார் 42 கிலோமீட்டர் ஓடிவரும் ஆற்றில் அந்தச் செடிக்கு யார் உரம் போட்டார்கள்? சாக்கடையோடு கலக்கும் தழைச்சத்தும் மணிச்சத்தும்தான் அதை வளர்க்கின்றன.

பெரும்பங்கு வீட்டுக் கழிவுநீர். மாட்டுத் தொழுவங்களுக்கும் அதில் பங்குண்டு. மயிலாப்பூர்ச் சந்துகளில் இன்றும் கறவை மாடு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பால் கறந்து முடிந்ததும் தரையைக் கழுவிவிட்டால் சாணிக் கரைசலும் கோமியமும் நேரே கால்வாய்க்குப் போகின்றன. கோமியத்தில் இருக்கும் யூரியா சீக்கிரமே அம்மோனியாவாக மாறுகிறது. தொழுவத்தில் மூக்கைத் துளைக்கும் நெடி அதுதான். வயலுக்குப் போகவேண்டிய சத்து கண்ணெதிரே வீணாகிறது.

இதைப் பிடித்து நிறுத்த ஒரு பொருள் உண்டு: பயோசார் எனும் உயிர்க்கரி. காற்றுப் படாமல் சுமார் 350 முதல் 700 டிகிரி செல்சியஸ் சூட்டில் மரக்கழிவைக் கரியாக்கினால் கிடைப்பது. ராமநாதபுரத்துக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண் பூசி, மூட்டம் போடுவது அங்கே பழகிய தொழில். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சீமைக்கருவேலம், தேங்காய் ஓடு போன்றவற்றைக் கரியாக்கி ஆராய்ந்திருக்கிறது.

கரியின் பரப்பில் பெரும்பாலும் எதிர்மின்னேற்றம். அதனால் நேர்மின்னேற்றமுள்ள அம்மோனியம் ஒட்டிக்கொள்ளும்; பாஸ்பேட் விலகி ஓடும். அதற்கும் வழி உண்டு. மக்னீசியம் கலந்த நீரில் ஊறவைத்துச் சுட்ட கரி பாஸ்பேட்டையும் பிடிக்கிறது. உப்பு வாரியபின் பாத்தியில் மிஞ்சும் கசப்புநீரில் மக்னீசியம் தாராளம். தூத்துக்குடி உள்ள மாநிலத்தில் அதற்கா பஞ்சம்?

மிகைப்படுத்தவும் கூடாது. சாதாரணக் கரி ஒரு கிராமுக்குச் சில மில்லிகிராம் அம்மோனியமே தாங்கும். 46 சதவீத மணிச்சத்துள்ள டிஏபி மூட்டைக்கு அது ஈடாகாது. ஆனால் பிடித்த சத்தை மண்ணில் மெல்ல விடும். கரியும் நெடுங்காலம் மண்ணிலேயே தங்கும். பாஸ்பேட் பாறைக்கு மொராக்கோ போன்ற நாடுகளை நம்பியிருக்கும் இந்தியாவுக்கு இது சிறிய லாபமல்ல.

சென்னை மாநகராட்சி மாடுகளுக்கெனப் பொதுக் கொட்டகைகள் கட்டத் தொடங்கியிருக்கிறது. ஒவ்வொன்றிலும் சாணி படியும் தொட்டி ஒன்றும், அடுத்துக் கரி நிரப்பிய தொட்டி ஒன்றும் வைக்கலாம். சத்தேறிய கரியை எருவோடு மட்கவைத்துச் செங்கல்பட்டு வயல்களுக்கு அனுப்பலாம். சோதித்துச் சொல்ல ஐஐடியும் அண்ணா பல்கலைக்கழகமும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. இதற்கான முதல் கொட்டகையை அடையாறு மண்டலத்திலேயே மாநகராட்சி தேர்ந்தெடுக்கட்டும்.