மாவுக்கட்டு கற்றுத்தரும் மாவட்ட மருத்துவமனை

எம்.எஸ். ஆர்த்தோ படிக்கிறவருக்கு மருத்துவக் கல்லூரியில் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அறுவை அரங்கிலேயே எலும்பைத் திரையில் காட்டும் சி-ஆர்ம் கருவி, அடுத்த கட்டடத்தில் ரத்த வங்கி, சந்தேகம் கேட்கப் பேராசிரியர். அப்படிப் படிக்கிறவரும் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் வேலை பார்த்தாக வேண்டும் என்று 2020-இல் இந்தியாவில் விதி வந்தது. டிஸ்ட்ரிக்ட் ரெசிடென்சி புரோகிராம் என்ற இதை மாணவர்கள் டி.ஆர்.பி. என்பார்கள்.

சுற்றுக் கிராமங்களின் முறிவுகளெல்லாம் அங்கேதான் வந்து சேரும். மரத்திலிருந்து விழுந்தவர், பைக்கில் சறுக்கியவர், குளியலறையில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்ட பாட்டி. இவற்றில் பலவற்றுக்குக் கத்தியே வேண்டாம். மரத்துப்போக ஊசி போட்டு, இழுத்து நேராக்கி, மாவுக்கட்டுப் போட்டால் போதும். 1850-களில் டச்சு ராணுவ மருத்துவர் மாதைசென் பரப்பிய அந்தக் கட்டு, பிளேட்டும் ராடும் வந்த பிறகும் ஓய்வு பெறவில்லை. அதைச் சுருக்கம் விழாமல் போடப் பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

பயிற்சி மருத்துவருக்கு முன்பே நோயாளியைப் பார்த்தவர் ஒருவர் பெரும்பாலும் இருப்பார்: கட்டுப் போடுகிற வைத்தியர். ஆந்திரத்துப் புத்தூரின் பெயரில் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் பலகை தொங்குகிறது. மூங்கில் பத்தை, பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு. செலவு குறைவு, கட்டியதும் வீட்டுக்குப் போகலாம். தினக்கூலிக்காரர் அங்கே போவதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. விலகாத முறிவு அசையாமல் இருந்தாலே கூடிவிடும். வைத்தியர்களின் புகழில் பாதி அப்படி வந்தது.

மீதிப் பாதியில்தான் ஆபத்து. உடைந்த இடம் வீங்கும். கட்டு இறுக்கமாக இருந்தால் தசைக்கு ரத்தம் போகாது. ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் தசை செத்துப்போகலாம். விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போகும் இந்த நிலையை 1881-லேயே ஜெர்மானியர் ஃபோல்க்மன் விவரித்துவிட்டார். அவர் குறை சொன்னது மருத்துவர்கள் போட்ட இறுக்கக் கட்டுகளைத்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எதை வைத்துக்கொள்வது, எதை ரெஃபர் செய்வது என்பதுதான் பயிற்சி மருத்துவருக்குக் கடினமான பாடம். எலும்பு வெளியே தெரியும் காயத்துக்கு ஆன்டிபயாடிக் ஊசி ஒரு மணி நேரத்துக்குள் போயாக வேண்டும். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. காலைக் காப்பாற்ற முடியுமா என்று கணிக்கக் கோவை கங்கா மருத்துவமனை உருவாக்கிய மதிப்பெண் முறை உண்டு: 14 வரை காப்பாற்றப் பார்க்கலாம், 17-உம் அதற்கு மேலும் என்றால் பெரும்பாலும் எடுக்க நேரிடும். இடைப்பட்டது அனுபவசாலியின் கணிப்பு. அந்த அனுபவசாலி பக்கத்தில் இல்லையென்றால், மூன்று மாதமும் பயிற்சி ஆகாது. ஆள் பற்றாக்குறைக்கு ஒட்டுப்போடும் வேலைதான்.

வாசகர்களுக்கு ஒன்று. கட்டுப் போட்டவர் யாராக இருந்தாலும், வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனாலோ, விரல் மரத்தாலோ, விரலை நீட்டினால் உயிர் போகிற மாதிரி வலித்தாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். நேரே மருத்துவமனைக்குப் போய்க் கட்டைப் பிரிக்கச் சொல்லுங்கள்.