பல்லாங்குழியின் விதி

சதுரங்கத்திற்கு நம் நாட்டில் இப்போது ஏற்பட்டிருக்கும் மதிப்பைச் சொல்லி முடியாது. 2022-ஆம் ஆண்டில் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது, நீடாமங்கலத்துக்கு அருகிலுள்ள திருப்பூவனூர்க் கோயிலைப் பற்றியும் ஊரெல்லாம் பேச்சாயிற்று. அங்கே எழுந்தருளியிருக்கும் சிவபெருமானுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்பது திருநாமம். அரசகுமாரியாக வளர்ந்த அம்பிகையைச் சதுரங்கம் ஆடி வென்று இறைவன் மணம் புரிந்தான் என்பது தலபுராணம். கடவுளே காவிரி நாட்டில் உட்கார்ந்து காய் நகர்த்தியிருக்கிறார் என்றால், பழைய தஞ்சை ஜில்லாக்காரர்கள் தலையைச் சற்று நிமிர்த்திக்கொள்வதில் தவறு ஒன்றும் இல்லை.

ஆனாலும் இந்த நெல் நாட்டின் சொந்த ஆட்டம் சதுரங்கம் அன்று என்பது நமது அபிப்பிராயம். சதுரங்கத்தில் யானை உண்டு, குதிரை உண்டு, மந்திரி உண்டு. அத்தனை பேருக்கும் சோறு எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றி அந்தப் பலகை ஒரு வார்த்தை பேசுவதில்லை. அதைப் பேசுவது, நம் வீட்டுப் பரணில் ஒட்டடை படிந்து கிடக்கும் இன்னொரு பலகை. பல்லாங்குழியைச் சொல்லுகிறோம். ‘பெண்டுகளின் பொழுதுபோக்கு’ என்று ஆண்பிள்ளைகள் அதை ஒதுக்கிவிட்டார்கள். உண்மையில் அது தானியம் சேர்க்கும் போட்டி. ரத்தம் சிந்தாத யுத்தம். நிலம் உடையவன் எவ்வாறு மேலும் உடையவன் ஆகிறான் என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டும் பாடம்.

ஆட்டத்தை அறியாத இளம் நேயர்களுக்காக அதன் முறையைச் சொல்லிவிடுகிறோம். வீட்டுக்கு வீடு சிறு வேறுபாடுகள் உண்டு. நாம் எடுத்துக்கொள்வது குழிக்கு ஐந்து காய் இட்டு ஆடும் முறை. பலகையில் எதிரெதிராக இரண்டு வரிசை. வரிசைக்கு ஏழு குழி. ஆக, பதினான்கு குழிகளில் எழுபது காய்கள். புளியங்கொட்டை, சோழி, குன்றிமணி எதுவானாலும் சரி. ஒவ்வொருவருக்கும் ஏழு குழி, முப்பத்தைந்து காய். இதைவிடச் சரிசமமான ஆரம்பத்தை எந்தச் சட்டசபையும் இயற்றிவிட முடியாது.

முதலில் ஆடுபவர் தமது குழிகளுள் ஒன்றிலுள்ள காய்களை அள்ளி, குழிக்கு ஒன்றாக இட்டுக்கொண்டே போகவேண்டும். தமது வரிசை முடிந்தால் எதிரியின் வரிசையிலும் இடவேண்டும். கைக்காய் தீர்ந்ததும் அடுத்த குழியில் உள்ளதை அள்ளி மேலே தொடரவேண்டும். தீர்ந்த இடத்துக்கு அடுத்த குழி வெறுமையாக இருந்தால், அதை விரலால் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியிலுள்ள காய்களைத் தமதாக்கிக்கொள்ளலாம். அத்துடன் முறை மாறும். அடுத்தடுத்து இரண்டு குழிகள் வெறுமையாக இருந்தால் துடைத்த விரல்தான் மிச்சம்.

இத்தனையும் திறமையைச் சேர்ந்த விஷயம். எந்தக் குழியை எடுத்தால் எங்கே போய் முடியும் என்று மனத்துக்குள்ளேயே கணக்கிட வேண்டும். எழுதப் படிக்க அறியாத பாட்டிமார்கள் இந்தக் கணக்கைக் கண்ணாலேயே போட்டுவிடுவார்கள். ஆனால் திறமைக்கு அப்பாற்பட்ட விதி ஒன்றும் இந்த ஆட்டத்தில் உண்டு. வெறுமையான குழி ஒன்றில் ஒன்று, இரண்டு, மூன்று என்று காய் சேர்ந்து நான்கு ஆகிவிட்டால் அதற்குப் ‘பசு’ என்று பெயர். அந்தப் பசு யாருக்கு? நான்காவது காயை இட்டவருக்கு அன்று, குழிக்கு உடையவருக்கு! விதைத்த கை யாருடையதாயினும், விளைச்சல் குழியின் சொந்தக்காரரைச் சேரும்.

காய்கள் தீர்ந்து ஒரு சுற்று முடிந்ததும், அவரவர் சம்பாதித்ததைக் கொண்டு அவரவர் குழிகளை மறுபடியும் ஐந்தைந்தாக நிரப்ப வேண்டும். நிரப்ப முடியாத குழிகள் மூடப்படும். அடுத்த சுற்றில் அவற்றில் யாரும் காய் இடுவதில்லை. அவை தரிசு.

இந்த இடத்தில் நேயர்கள் நம்மோடு கொஞ்சம் கணக்குப் போடவேண்டும். முதற் சுற்றில் ஒருவர் 42 காயும் மற்றவர் 28 காயும் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். பெரிய தோல்வி என்று இதைச் சொல்ல முடியாது; ஏழு காய் கைமாறியிருக்கிறது, அவ்வளவுதான். வென்றவர் ஏழு குழிகளையும் நிரப்பி, மிச்சம் ஏழு காயை மடியில் கட்டிக்கொள்கிறார். தோற்றவருக்கு ஐந்து குழி நிரம்புகிறது. மூன்று காய் கையில் நிற்கிறது. இரண்டு குழி தரிசாகிறது. இப்போது பலகையில் பன்னிரண்டு குழி, அறுபது காய். குழிக்குக் குழி சமமாகவே விளைந்தாலும், ஐந்து குழிக்காரருக்கு இருபத்தைந்துதான் கிடைக்கும். கையிருப்பையும் சேர்த்தால் மறுபடியும் அதே 28. அவர் ஒரு பிழையும் செய்யாமல் ஆடினால் விழுந்த இடத்திலேயே கிடக்கலாம்! இழந்த இரண்டு குழிகளையும் மீட்க வேண்டுமானால் அறுபதில் முப்பத்திரண்டு காய்களை அவர் எடுக்க வேண்டும். பாதிக்கும் குறைவான குழிகளை வைத்துக்கொண்டு பாதிக்கும் மேலான விளைச்சலைக் காண வேண்டும். ஒரு தடவை கை தவறினால் இன்னொரு குழியும் போய்விடும்.

இப்படியே சுற்றுக்குச் சுற்று நலிந்து, தோற்றவரிடம் ஒரு குழிக்கு உரிய ஐந்து காய் கூட இல்லாமல் நான்கே நான்கு எஞ்சுமானால், அவற்றைக் குழிக்கு ஒன்றாக இட்டு ஆடலாம் என்று ஒரு சலுகை உண்டு. அதற்கு நம் முன்னோர் இட்ட பெயர் ‘கஞ்சி காய்ச்சுதல்’. சோறு பொங்கி உண்ணவேண்டியவர், உள்ள நாலு அரிசியில் நீரைப் பெருக்கிக் குடிக்கும் நிலை! இந்தப் பெயரை வைத்தவர்கள் விளையாட்டுக்காக வைக்கவில்லை. பஞ்சத்தைக் கண்ணால் கண்டவர்களுக்குத்தான் இப்படிப் பெயர் சூட்ட வரும்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தோம். மூன்றாவது சுற்றில் ஒரு சிறுமி விளையாடுவதை நிறுத்திவிட்டு, “ஸார், நான் தப்பா ஆடலையே! அப்புறம் ஏன் என் குழியை மூடணும்?” என்று கேட்டாள். “விதி அம்மா” என்றோம். “தலைவிதியா, ஆட்டத்து விதியா?” என்றான் பக்கத்திலிருந்த பையன். வகுப்பு சிரித்தது. நமக்கு அந்தக் கேள்வி சிரிப்பாகத் தோன்றவில்லை.

தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். மாற்ற முடியாததும் விதி. மனிதர் கூடி வகுத்துக்கொண்டதும் விதி. இந்தக் காவிரிப் பாசனத்தில் தலைமுறை தலைமுறையாக இரண்டாவது விதியை முதலாவது விதி என்று சொல்லி வைத்திருந்தார்கள். வேலிக் கணக்கில் நிலம் ஒரு சில மிராசுதார்களிடமும் மடங்களிடமும் கோயில்களிடமும் இருந்தது. உழுது, நாற்று நட்டு, அறுத்து, களத்தில் அடித்துக் கொடுத்தவர்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பண்ணையாட்கள். சவுக்கடியும் சாணிப்பாலும் அவர்களுக்கு விதிக்கப்பட்ட தண்டனைகளாக இருந்தன. ஒரு கலம் என்பது பன்னிரண்டு மரக்கால். எத்தனை கலம் கண்டாலும் கூலியை மரக்காலுக்கும் கீழே படியால் அளந்தார்கள். கேட்டால் ‘அவரவர் விதி’ என்பது பதில். பல்லாங்குழிப் பலகையில் பசு யாரைச் சேர்ந்ததோ, வயலிலும் அது அவரையே சேர்ந்தது.

இதற்கு மாற்று என்ன என்பதையும் நம் நாட்டார் ஓர் ஆட்டத்தில் கீறித்தான் வைத்திருக்கிறார்கள். பழைய மண்டபங்களின் கல் தளத்தில் ஆடு புலி ஆட்டக் கட்டத்தை நேயர்கள் பார்த்திருக்கலாம். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாவி ஆட்டைக் கொல்லலாம். ஆட்டுக்கோ ஒரு புலியையும் கொல்லும் சக்தி கிடையாது. ஆயினும் ஆடுகள் வெல்லுவதுண்டு. ஒன்றையொன்று விட்டுப் பிரியாமல் நெருங்கி நின்று, புலி தாவுவதற்கு வெற்றிடமே இல்லாமல் செய்துவிட்டால் புலி தோற்றது.

1940-களில் பி. சீனிவாசராவ் முதலியோரின் முயற்சியால், தென்பரை முதலான கிராமங்களில் விவசாயிகளும் பண்ணையாட்களும் சங்கமாகக் கூடியபோது நடந்தது இதுவே. அதன் பிறகுதான் விதிகள் ஒவ்வொன்றாக மாறலாயின. 1952-ல் ராஜாஜி முதன்மந்திரியாயிருந்தபோது தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு, அதாவது 6⅔ ஏக்கருக்கு மேல் நிலம் உடையவர்களை அது கட்டுப்படுத்தியது. குத்தகை உழவருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு என்று வரையறுத்தது. 1956-ல் வந்த நியாய வாரச் சட்டம், நஞ்சையில் நிலம் உடையவரின் பங்கு ஐந்தில் இரண்டுக்கு மேற்படக் கூடாது என்றது. நான்கே ஆண்டில் இரண்டு பங்கும் மூன்று பங்கும் இடம் மாறிவிட்டன! 1961-ல் ஒரு குடும்பத்துக்கு முப்பது தர ஏக்கர் என்று நில உச்சவரம்பு ஏற்பட்டது; 1970-ல் அது பதினைந்தாகக் குறைந்தது. சட்டங்களில் ஓட்டைகள் இல்லாமல் இல்லை. ஆனாலும் ‘மாற்ற முடியாதது’ என்ற பேச்சு அதோடு பொய்யாயிற்று.

இதற்குக் கொடுத்த விலையை மறந்துவிட்டுப் பேசுவது பாவம். 1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு, கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட உழைப்பாளிகளின் குடும்பங்களைச் சேர்ந்த நாற்பத்து நான்கு பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே. பலகையில் குழியை மூடினால் காய் மட்டும் போகிறது. ஊரில் மூடினால் என்னவெல்லாம் போகும் என்பதற்கு அந்தக் கிராமம் சாட்சி.

பல்லாங்குழிக்குள் இவ்வளவு இருக்கிறதா என்று சிலர் கேட்கலாம். பேராசிரியர் தொ. பரமசிவன் 1997-ல் வெளிவந்த ‘அறியப்படாத தமிழகம்’ என்ற நூலில் இதை ஆராய்ந்திருக்கிறார். எல்லோருக்கும் சமமாகத் தொடங்கும் ஆட்டம் ஏற்றத்தாழ்வில் போய் முடிவதை, பொதுவுடைமை குலைந்து தனிச்சொத்து பிறந்த வரலாற்றின் நிழலாக அவர் கண்டார். அடுப்பங்கரைக்குப் பக்கத்தில் கிடந்த பலகையைச் சரித்திரச் சான்றாகத் தூக்கிக் காட்டிய அவருக்குத் தமிழ்நாடு கடமைப்பட்டிருக்கிறது.

பிற தேசத்தாரும் இவ்வித ஆட்டங்களை ஆடுகிறார்கள். ஆந்திரத்தில் இது வாமனகுண்டலு. இலங்கைச் சிங்களரிடம் ஒலிந்த கெளிய. மலாய் நாட்டில் சொங்காக். ஆப்பிரிக்காவில் கானா தேசத்தார் ஆடும் ஒவாரே என்ற ஆட்டத்தில் அழகான விதி ஒன்று இருக்கிறது. எதிரியின் குழிகளெல்லாம் வெறுமையாகிவிட்டால், நமது காய் அவர் பக்கம் சேரும்படியாகவே நாம் ஆடவேண்டும். முடிந்தவரை அவரைப் பட்டினி போடக்கூடாது. நமது கஞ்சி விதி நலிந்தவரை அவரிடம் மிஞ்சியதைக் கொண்டு பிழைக்கச் சொல்கிறது. ஒவாரே விதியோ இருப்பவரைக் கொடுக்கச் சொல்கிறது.

அமெரிக்காவில் எலிசபெத் மேகி என்ற மாதரசி, நிலத்தை ஒருவரே வளைத்துப் போடுவதன் தீமையை ஜனங்களுக்கு உணர்த்துவதற்காக ‘நிலக்கிழார் ஆட்டம்’ என்ற ஒன்றை உருவாக்கி 1904-ல் காப்புரிமை பெற்றாள். பலகை ஒன்று, விதித் தொகுப்பு இரண்டு. ஒன்றில் செல்வம் பெருகினால் எல்லோருக்கும் லாபம். மற்றொன்றில் ஒருவரே அனைத்தையும் விழுங்கலாம். அதன் வழியில் தோன்றி 1935 முதல் ‘மோனோபொலி’ என்று கடைகளில் விற்பனையாகி உலகெங்கும் பரவியது, விழுங்கும் விதியை உடைய ஆட்டம்தான்! நம் குழந்தைகள் அதைப் பிறந்தநாள் பரிசாகப் பெறுகிறார்கள். பரணிலுள்ள பலகையோ தூசி தட்டப்படாமல் கிடக்கிறது.

ஆகவே நேயர்களிடம் நமது வேண்டுகோள் இது. வரும் விடுமுறையில் பலகையை இறக்கித் துடையுங்கள். இல்லாதவர்கள் மண்ணில் பதினான்கு குழி தோண்டிக்கொண்டாலும் போதும். எழுபது புளியங்கொட்டைக்குக் கடைக்குப் போகவேண்டியதில்லை. முதல் நாள் நம் பாட்டிமார் ஆடிய முறையிலேயே மூன்று சுற்று ஆடி, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் யாரிடம் எத்தனை காய், எத்தனை குழி என்று குழந்தைகளையே எழுதச் சொல்லுங்கள். மறுநாள் ஒரு விதியை மட்டும் மாற்றி, பசு குழிக்காரருக்கு அன்று, நான்காவது காயை விதைத்தவருக்கே என்று ஆடிப் பாருங்கள். இரண்டு நாள் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குழந்தைகள் என்ன சொல்லுகிறார்கள் என்று பொறுமையாகக் கேளுங்கள்.