நான்கு ஜிபி மதில்

கொல்கத்தாவில் சாந்தினி சௌக், மதன் ஸ்ட்ரீட், கணேஷ் சந்திர அவென்யூ வட்டாரக் கணினிக் கடைகளில் பழைய மேசைக் கணினிக்கு உயிரூட்ட மலிவான வழி, ரேம் கூட்டுவது. ஆனால் 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பி, விஸ்டா, விண்டோஸ் 7 ஓடும் கணினியில் 8 ஜிபி செருகினாலும் பயன்பாட்டுக்குக் கிடைப்பது பெரும்பாலும் மூன்று, மூன்றரை ஜிபிதான். கடைக்காரர் முதல் கல்லூரிப் பாடம் வரை இதற்குத் தரும் விளக்கம் ஒன்றே: 32 பிட் என்றால் இரண்டின் 32ஆம் அடுக்கு, அதாவது 4 ஜிபி, அதற்கு மேல் கணக்கே கிடையாது. பெருக்கல் சரி, முடிவு தவறு. இந்த மதிலைக் கட்டியது பிராசஸர் அல்ல, இயங்குதளம். கட்டியதற்கு நியாயமான காரணம் ஒன்று இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். திறவுகோலை உடைமையாளரிடம் தராததற்குத்தான் காரணம் போதவில்லை.

இன்டெல் 1995இல் வெளியிட்ட பென்டியம் புரோவிலேயே பிஏஇ என்ற வசதி வந்துவிட்டது. நினைவகத்தின் பௌதிக முகவரியை 32 பிட்டிலிருந்து 36 பிட்டாக அது நீட்டியது. 64 ஜிபி வரை எட்டலாம். தனியொரு நிரல் காணும் பரப்பு அப்போதும் 4 ஜிபிதான், ஆனால் பல நிரல்கள் சேர்ந்து அதைத் தாண்டிப் பங்கிட்டுக்கொள்ளலாம். மைக்ரோசாஃப்ட்டுக்கு இது தெரியாத வித்தை அல்ல. 32 பிட் விண்டோஸ் 2000 அட்வான்ஸ்டு சர்வர் 8 ஜிபியை ஏற்றது. 2008இல் வந்த விஸ்டா முதல் சர்வீஸ் பேக்கும் சர்வர் 2008உம் ஒரே கெர்னலின், அதாவது இயங்குதளத்தின் ஒரே மையக்கருவின், மேல் நின்றவை. 32 பிட் சர்வர் 2008 என்டர்பிரைஸ் 64 ஜிபி வரை அனுமதித்தது. வீட்டுக்கு வந்த விஸ்டா 4 ஜிபியில் நின்றது. கெர்னல் தொடங்கும்போது உரிம விவரத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் படித்து எதுவரை போகலாம் என்று முடிவு செய்கிறது. ஜெஃப் சாப்பல் என்ற ஆய்வாளர் அந்தக் கெர்னலைப் பிரித்துப் பார்த்து இதை எழுதினார். கெர்னலின் பிரதியொன்றில் அந்தச் சோதனையை மாற்றி, தனி பூட் பதிவாக ஓட்டும் வழியையும் காட்டினார்.

எக்ஸ்பியின் கதை இன்னும் விசித்திரம். 2004இல் வந்த இரண்டாம் சர்வீஸ் பேக், தரவுப் பகுதியில் ஒளிந்த தீய நிரல் ஓடாமல் தடுக்கும் டிஇபி பாதுகாப்பைக் கொண்டுவந்தது. பிராசஸரின் துணையோடு அது இயங்க பிஏஇ தேவை. ஆகவே அந்த வசதியுள்ள பிராசஸர்களில் விண்டோஸ் தானாகவே பிஏஇ முறைக்கு மாறியது. அதே சர்வீஸ் பேக்கில்தான் பௌதிக முகவரி 4 ஜிபிக்குள் அடைக்கப்பட்டது. பெரிய பக்க அட்டவணைகளுக்கான செலவு உண்டு, கூடுதல் ரேம் கிடையாது. அந்த 4 ஜிபியிலும் கிராஃபிக்ஸ் கார்டு போன்ற சாதனங்களுக்கு முகவரிகள் ஒதுக்கப்பட்டுவிடும். அவற்றால் இடம்பெயரும் ரேமை மதர்போர்டு மதிலுக்கு அப்பால் நகர்த்தினாலும் விண்டோஸ் அதைத் தொடாது. விஸ்டா முதல் சர்வீஸ் பேக் இதற்குச் செய்த வைத்தியம் ரசிக்கத்தக்கது: பயன்படும் அளவுக்குப் பதிலாகப் பொருத்தியிருக்கும் அளவைத் திரையில் காட்டத் தொடங்கியது!

மைக்ரோசாஃப்ட் தரப்பு வாதம் டிரைவர்களைப் பற்றியது. வீட்டுக் கணினிகளின் சவுண்டு, வீடியோ கார்டுகளுக்கான டிரைவர்கள் பலவும் முகவரி 32 பிட்டுக்குள்தான் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்டவை. 4 ஜிபிக்கு மேலான முகவரி வந்தால் மேல் பிட்டுகளை வெட்டிவிட்டு, தரவை வேறோர் இடத்தில் எழுதிவிடும். கணினி நின்றுபோகும், கோப்பு கெடும். இது கற்பனை ஆபத்து அல்ல. அதிலும் ஒரு முரண் உண்டு: பழைய 32 பிட் விண்டோஸை விடாமல் வைத்திருக்க வலுவான காரணமே பழைய ஸ்கேனரும் பிரின்டரும், மென்பொருள் உரிமத்தைச் சரிபார்க்கச் செருகும் டாங்கிளும்தான். 64 பிட் விண்டோஸ் 32 பிட் டிரைவர்களை ஏற்காது, 16 பிட் நிரல்களை ஓட்டாது. மதில் விலகினால் அதிகம் பயனடைய வேண்டியவரே அதிக ஆபத்தில் இருப்பவர். எனினும் இது எச்சரிக்கை தருவதற்கான காரணம். அறவே மறுப்பதற்கு அல்ல. எந்த டிரைவர் தாங்கும் என்பது கணினிக்குக் கணினி மாறும். பக்குவமான ஒரு பூட் விருப்பம், தொடக்கத்திலேயே முடக்கிய நிலையில், போதுமானதாக இருந்திருக்கும்.

அப்படிச் செய்ய முடியும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட்டே பின்னாளில் சான்று தந்தது. இன்டெல் பிராசஸர்களின் டிஎஸ்எக்ஸ் வசதியில் தரவு கசியும் ஓட்டை 2019இல் வெளியானபோது, அந்த வசதியை முடக்கவும் மீண்டும் இயக்கவும் ஒரு ரெஜிஸ்ட்ரி மதிப்பை அந்நிறுவனம் அறிவித்தது. பாதுகாப்பு ஓட்டையிலேயே உடைமையாளர் முடிவெடுக்கலாம் என்றால், டிரைவர் தகராறில் ஏன் கூடாது? முடக்கம் எல்லாமே தவறு என்று இதற்குப் பொருளல்ல. 2014இல் ஹாஸ்வெல் பிராசஸர்களில் இதே டிஎஸ்எக்ஸில் பிழை இருப்பது தெரிந்தபோது இன்டெல் அதை மைக்ரோகோட் மூலம் அணைத்ததைக் குறைசொல்ல மாட்டேன். அங்கே வசதியே பழுது.

உடைமையாளரே கெர்னலைத் திருத்திக்கொள்வது உரிம மீறலாகாதா என்பது அடுத்த கேள்வி. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, நிரலின் பிரதியை முறையாக வைத்திருப்பவர் அது தரப்பட்ட நோக்கத்துக்காகப் பிரதி எடுக்கவும் தழுவவும் இடம் தருகிறது. 4 ஜிபிக்கென விற்ற நிரலை 8 ஜிபிக்கு ஓட்டுவது ‘தரப்பட்ட நோக்கமா’ என்று நிறுவனத்தின் வக்கீல் கேட்பார். கேள்வியில் பலம் உண்டு. அதைவிட வலுவான தடை நடைமுறையில் இருக்கிறது. திருத்திய கெர்னல் தனிப் பிரதி என்பதால் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் மூலக் கோப்பை மாற்றும், பிரதியைத் தொடாது. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும் விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும் ஆதரவு முடிந்த பிறகு மூலக் கோப்புக்கும் அதே கதிதான். இணையம் தொட்ட கணினியில் இந்தத் திருத்தத்தை இன்று நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பரிந்துரைப்பது வேறொன்று. பிராசஸர் 64 பிட் ஆக இருந்தால் அதில் 64 பிட் லினக்ஸை நிறுவி, பழைய 32 பிட் விண்டோஸை மெய்நிகர் கணினியாக உள்ளே ஓட்டலாம். 8 ஜிபியும் பயன்படும், இணையத் தொடர்பு லினக்ஸோடு நிற்கும், யுஎஸ்பி பிரின்டரை உள்ளே ஒப்படைக்கலாம். இணை போர்ட்டில் செருகும் டாங்கிள் மட்டும் இதற்கு எளிதில் மசியாது. அதை நம்பி ஓடும் அச்சுக்கோப்பு மென்பொருள்களைப் பற்றி அடுத்த வாரம்.