முதுகில் பையோடு வரும் வாடிக்கையாளர்

சுற்றுலா என்றவுடன் எம்மவர் நினைப்பது ஹோட்டலையும் மாணிக்கக் கடையையும்தான். பஸ்ஸில் கூட்டமாக வந்து இறங்க வேண்டும், வழிகாட்டிக்குக் கொமிஷன் கொடுக்க வேண்டும், அதற்குப் பெரிய முதல் வேண்டும். சிறு கடைக்காரருக்கு அதில் என்ன இருக்கிறது என்று நானும் கேட்டவன்தான். நடந்து வரும் பயணியைக் கண்ட பிறகு அந்த எண்ணம் மாறியது.

கண்டி ஹந்தானையில் தொடங்கி ஹட்டன், அப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியாவில் முடியும் பெக்கோ டிரெயில் என்ற நடைபாதை இருக்கிறது. நீளம் 300 கிலோமீற்றருக்கு மேல். 22 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் இதற்கு உதவின. வெள்ளைக்காரர் காலத்தில் தேயிலை கொண்டுபோகப் போட்ட பழைய தோட்டப் பாதைகளையே பெரும்பாலும் இணைத்திருக்கிறார்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் வியாபாரத்துக்காகத் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டமும் இந்த வழியில்தான் வருகிறது.

2024இல் நானும் இளைய மகனும் ஹந்தானையிலிருந்து கலஹா வரை முதற் பகுதியை நடந்தோம். வழியில் ஒரு கடையில் ப்ளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது வெளிநாட்டுத் தம்பதியர் வந்தார்கள். இரண்டு போத்தல் தண்ணீர், நாலு வாழைப்பழம் எடுத்தார்கள். கடைக்காரர் எங்களுக்குச் சொன்ன விலையைப் போல் மூன்று மடங்கு சொன்னார். அவர்கள் பேசாமல் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

“வாப்பா, அவங்க இனி வழியில எதுவும் வாங்க மாட்டாங்க” என்றான் மகன்.

அவன் சொன்னது பாதிதான் சரி. அப்பால் லயத்தின் ஓரத்தில் ஒரு அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். அதே தம்பதியர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே விலை. போத்தலில் கொதித்தாறிய தண்ணீரைச் சும்மா நிரப்பிக் கொடுத்தார். அவர்கள் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு, பிஸ்கட் வாங்கி, கடைசியில் “இந்தத் தோட்டத்துத் தேயிலை ஒரு பக்கட் கிடைக்குமா?” என்று கேட்டார்கள். அந்த அம்மாவிடம் இல்லை. சுற்றிலும் தேயிலை மலை, விற்க ஒரு பக்கட் தேயிலை இல்லை! வந்த பணம் திரும்பிப் போனதை என் கண்ணால் பார்த்தேன்.

நடப்பவர் சுமையை முதுகில் தூக்குகிறார். அவருக்கு ஒரு கிலோ பக்கட் வேண்டாம், ஐம்பது கிராம் போதும். இன்னொரு வகைப் பயணி கேம்பர்வேனில் வருகிறார். வேனுக்குள்ளேயே படுக்கை, அடுப்பு, சிறிய குளிர்சாதனப் பெட்டி. ஹோட்டலுக்குப் போகாத அவர் முட்டை, மரக்கறி, அரைக் கிலோ அரிசி என்று எமது கடைக்குத்தான் வருவார். எமது நாட்டிலும் இவ்வகை வேன்கள் வாடகைக்குக் கிடைக்கின்றன.

இந்த இரு வகையினருக்கும் பேர்போன இடம் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையோரம். அங்கே மைன்ஹெட்டிலிருந்து பூல் துறைமுகம் வரை 630 மைல் நடைபாதை. கள்ளக்கடத்தலைத் தடுக்கக் கரையோரக் காவலர் நடந்த பாதை அது. இன்று அப்பக்கத்து விவசாயிகள் பலர் வயலில் ஒரு மூலையை வேன் நிறுத்தி இரவு தங்க வாடகைக்கு விடுகிறார்கள். பெரிய கட்டடம் தேவையில்லை. தண்ணீர்க் குழாயும் சுத்தமான மலசலகூடமும் இருந்தால் போதும். அந்நாட்டுக் கிராமங்களில் வாசலில் முட்டையை வைத்து, பக்கத்தில் காசுப் பெட்டியும் வைப்பார்கள். விற்க ஆளில்லை. எடுப்பவர் விலையைப் போட்டுவிட்டுப் போவார். அங்கே நம்பிக்கையே முதல்.

மலையகத்திலும் கரையோரத்திலும் கடை வைத்திருக்கும் சகோதரர்கள் யோசிக்க வேண்டும். விலையை எழுதித் தொங்கவிடுங்கள். மலசலகூடத்தைச் சுத்தமாக வையுங்கள். குடிதண்ணீர் வையுங்கள். சிறு பக்கட் செய்யுங்கள். இதற்கு வங்கிக் கடன் தேவையில்லை.

2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப்போட்டது. நடக்கப் போகிறவர்கள் பாதை திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டே போக வேண்டும். அந்த மக்களுக்கு இனி ஒவ்வொரு ரூபாவும் பெறுமதி. லயத்து வாசலைத் தாண்டிப் போகும் உல்லாசப் பயணி, நடப்பவர் ஒருவர்தான். அவரிடம் ஒருமுறை மூன்று மடங்கு வாங்குபவர், பின்னால் வரவிருக்கும் நூறு பேரையும் சேர்த்தே இழக்கிறார்.